ஆனைக்கு ஆயிரம் முழம்

கொம்புள்ளதற்கு ஐந்து முழம், குதிரைக்குப் பத்து முழம், ஆனைக்கு ஆயிரம் முழம் என்பது பெரியவர்கள் சொல்லும் கணக்கு. முழத்துக்கு ஒன்றரை அடி என்று பெருக்கினால் ஆயிரம் முழம் ஏறக்குறைய 450 மீட்டர். சமவெளிக்கு நல்ல கணக்குதான். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் 64 கிலோமீட்டரில், 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, 450 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிற இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வளைவு திரும்பியதும் 30 மீட்டரில் யானை நிற்கும். இல்லாத அந்த ஆயிரம் முழத்தை எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. பெரும்பாலும் வால்பாறை, நீலகிரி, சத்தியமங்கலம் பக்கத்துச் சாலைகளை மனதில் வைத்து எழுதியது.

வால்பாறை எஸ்டேட் சாலைகளில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிவதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் அதைச் செல்போன் டவர் விளக்கு என்று நினைத்துக் கடந்துபோவார்கள். அது யானை விளக்கு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து 2011 வாக்கில் அமைத்த ஏற்பாடு. அந்தப் பக்கம் யானை நிற்பதைப் பார்த்த உள்ளூர்க்காரர் தன் செல்போனிலிருந்தே அதை எரியவைப்பார். இதோடு குறுஞ்செய்தியும் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்துமாக மாலையிலேயே தகவல் போய்விடும். சிவப்பு விளக்கு எரிந்தால் வேகத்தைக் குறைத்துக் கடப்பது போதாது. பக்கத்து டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டி, "ஆனை எந்தப் பக்கம் நிக்குதுண்ணா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். தங்கும் விடுதியிலும் போய் இறங்கியதும் வைஃபை பாஸ்வேர்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நேரம் அடுத்த விஷயம். பந்திப்பூர் வழியே மைசூர், வயநாடு போகும் சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து கிடையாது. பண்ணாரியிலிருந்து 27 வளைவுகள் ஏறும் திம்பம் பாதையில் 2022இல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, லாரிகளுக்கு மாலை 6 மணிக்கும் கார்களுக்கு இரவு 9 மணிக்கும் கதவு மூடுகிறது. இதில் யாரும் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. கதவு மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று 8 மணிக்கு மேல் விரட்டுகிறார்களே, அதுதான் நாளின் மிக மோசமான நேரம். செக்போஸ்ட்டைத் தாண்டியதும் காடு முடிந்துவிடாது, அங்கேதான் தொடங்குகிறது. மாலை 5 மணிக்குள் செக்போஸ்ட்டைக் கடக்க முடியாது என்றால், அன்று அடிவாரத்திலேயே தங்கிக் காலையில் ஏறுவது மேல்.

இனி யானை. யானை காதை ஆட்டிக்கொண்டு, வாலை லேசாக வீசிக்கொண்டு, புல்லைப் பிடுங்கி முன்னங்காலில் தட்டித் தட்டித் தின்றுகொண்டிருந்தால் அது தன் பாட்டில் இருக்கிறது. காது ஆடுவது உடல் சூட்டைத் தணிக்க. கவனிக்க வேண்டியது காது *நிற்பதை*. தின்பதை நிறுத்தி, காதை முறம்போல விரித்துப் பிடித்து, தலையைத் தூக்கி, தும்பிக்கை நுனியை உங்கள் பக்கம் நீட்டினால் அது உங்களை மோப்பம் பிடிக்கிறது. கண்பார்வை அதற்குச் சுமார்தான், மூக்கும் காதும் அபாரம். அடுத்து வால் விறைத்து நிற்கும், முன்னங்கால் மண்ணைக் கீறும், அல்லது உடம்பை முன்னும் பின்னும் அசைக்கும். இந்தக் கட்டத்திலேயே பின்வாங்கினால் பெரும்பாலும் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். போட்டோ எடுக்கிறவர்கள் சரியாக இந்தக் கட்டத்தில்தான் "நம்மளப் பாக்குதுடா" என்று இன்னும் இரண்டடி முன்னால் போகிறார்கள்.

பாய்ச்சலிலும் இரண்டு வகை உண்டு. காதை விரித்து, பிளிறிக்கொண்டு, தூசி கிளப்பி ஓடிவந்து சட்டென்று நின்றால் அது மிரட்டல். காதைப் பின்னுக்கு ஒட்டவைத்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டி, சத்தமில்லாமல் வந்தால் அது நிஜம். இதை ஏட்டுச்சுரைக்காயாகத் தெரிந்துகொண்டு ரோட்டில் நின்று தரம் பிரித்துக்கொண்டிருக்காதீர்கள். மிரட்டலாகத் தொடங்கியது நடுவழியில் நிஜமாக மாறும். ஆசிய யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை போவதை அளந்திருக்கிறார்கள். மலைச்சரிவில், செருப்புக்காலோடு, நம்மில் யாரும் அந்த வேகத்தில் ஓட முடியாது. இறக்கத்தில் ஓடினால் யானை வராது என்கிற பேச்சையும் நம்ப வேண்டாம். நாம் கையை ஊன்றி இறங்கும் சரிவில் அது குடும்பத்தோடு இறங்கும்.

மதம் பிடித்த ஆண் யானைக்குத் தனிக் கணக்கு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கன்னத்தில் கரிய ஈரக்கோடு வழிந்திருக்கும். பழைய தமிழில் அதற்குக் கடாம் என்று தனிச்சொல்லே வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரம் கவனித்திருக்கிறார்கள். பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீர் சொட்டி நனைந்திருக்கும். கொம்பன்தான் ஆபத்து, தந்தமில்லாவிட்டால் பெண் யானை, சாது என்று முடிவுகட்டக் கூடாது. தந்தமில்லாத ஆண்தான் மக்னா, மதம் அதற்கும் வரும். குட்டியோடு நிற்கும் பெண் யானையோ எந்த நாளும் சாது இல்லை.

காரில் இருக்கும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். யானையைப் பார்த்த இடத்திலேயே நிற்கவும், முடிந்தால் 100 மீட்டர் எட்ட. கண்ணாடியை ஏற்றவும், பாட்டை நிறுத்தவும். எஞ்சின் ஓடட்டும், ஆக்ஸிலரேட்டரை உறுமவிட வேண்டாம். ஹாரன் கூடாது, ஹை பீம் கூடாது, பிளாஷ் கூடாது. கூட்டம் சாலையைக் கடந்தால், கடைசி யானை போனதாகத் தெரிந்த பிறகும் சில நிமிடம் பொறுக்கவும். பின்தங்கிய குட்டியும் அதைத் தேடி வரும் தாயும்தான் அவசரக்காரர்களிடம் மாட்டும், அல்லது அவசரக்காரர்கள் அவற்றிடம் மாட்டுவார்கள்.

உண்மையில் காரியம் கெடுவது யானையிடம் அல்ல, வரிசையில். முதல் காருக்கு யானை தெரிகிறது. ஆறாவது கார் வளைவுக்குக் கீழே நிற்கிறது, ஏன் நிற்கிறோம் என்று தெரியாமல் ஹாரன் அடிக்கிறது. எல்லா வண்டியும் ஒன்றின் பின்பக்கத்தை ஒன்று முத்தமிட்டபடி நிற்க, யானை நான்கடி முன்னால் வைத்தால் முதல் காருக்கு ரிவர்ஸ் எடுக்க இடமில்லை. அதனால் மலைப்பாதையில் எங்கே நின்றாலும், முன்வண்டியின் பின்சக்கரம் தாரைத் தொடுகிற இடம் உங்கள் சீட்டிலிருந்து நன்றாகத் தெரிய வேண்டும், அதற்கு மேலும் ஒரு வண்டி நீளம் விடவும். பின்னால் வருகிறவருக்குக் கையை வெளியே நீட்டாமல் ஹஸார்டு விளக்கைப் போடவும். வளைவின் உள்முனையில் நிற்கவே கூடாது. வளைவுக்கு முன்பே நின்றால் பின்னோக்கி நேராக வரலாம், வளைவில் நின்றால் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து வர வேண்டியிருக்கும்.

பைக் என்றால் விதி வேறு. கடந்துபோகலாம் என்ற யோசனையே வேண்டாம். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் நின்ற யானையைத் தாண்டிப் போக முயன்ற ஜெர்மானியப் பயணி ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார், பைக்கில் வந்தவர். யானையைப் பார்த்ததும் முதல் வேலை வண்டியைத் *திருப்பி* நிறுத்துவது. முன்சக்கரம் வந்த வழியைப் பார்க்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். குறுகிய சாலையில் பாரமான பைக்கைத் திருப்ப நிதானமாக ஐந்தாறு முன்பின் அசைவு தேவை. அந்த நேரம் யானை ஓடிவரும்போது கிடைக்காது. அடுத்து, பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் நிழலில் போவது. உள்ளூர் பைக்காரர்கள் அப்படித்தான் போகிறார்கள்.

வண்டியில் சாப்பாடு வேண்டாமா என்றால், வேண்டும், மூடிய டப்பாவில். பலாப்பழம், வாழைத்தார், கரும்பு ஆகியவற்றை மேலே கட்டிக்கொண்டு காட்டுச்சாலையில் போவது அழைப்பிதழ் வைப்பதற்குச் சமம். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிகளை யானைகள் மறிப்பது தினசரிச் செய்தியாகிவிட்டது. லாரி டிரைவர்கள் பயத்திலும் பாசத்திலும் நாலு கரும்பை வீசி வீசிப் பழக்கிய பழக்கம் அது. இப்போது அதற்குக் கரும்பு லாரிக்கும் காய்கறி வேனுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

யானைக்கு அஞ்சுகிறவர்கள்கூடக் காட்டுமாட்டுக்கு அஞ்சுவதில்லை. மாடு என்கிற பெயர்தான் காரணம் போலிருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் தேயிலைச் செடிக்குள்ளும் வீட்டு வாசலிலும் அது மேய்வதைப் பார்த்தால் பழகிய மாடு போலத்தான் தெரியும். முழு வளர்ச்சி பெற்ற காளை 1,000 கிலோ வரை வரும், தோள் உயரம் ஆறடியைத் தொடும். கொம்புள்ளதற்கு ஐந்து முழம் என்பது வீட்டு மாட்டுக்குச் சொன்னது. இதற்கு 30 மீட்டருக்குக் குறையக் கூடாது.

காட்டுமாட்டின் மிரட்டல் யானையினுடையதைப் போல நாடகத்தனமாக இருக்காது என்பதால்தான் ஏமாறுகிறோம். முகத்தை நேராகக் காட்டாமல், உடம்பைக் குறுக்காகத் திருப்பிப் பக்கவாட்டைக் காட்டி நிற்கும். நாமோ அது போகத் திரும்புகிறது என்று நினைப்போம். தான் எவ்வளவு பெரியவன் என்று அது காட்டுகிறது. கூடவே மூக்கால் புஸ்ஸென்று ஒரு சீறல், தலை தாழ்வது, கொம்பால் செடியைக் கிளறுவது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும், முதுகைக் காட்டி ஓடாமல், முகத்தை அதன் பக்கம் வைத்தபடியே பின்னால் நகர வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு ஆபத்து: நடைபாதை ஒற்றையடி, இருபுறமும் இடுப்பளவு செடி, பக்கத்தில் மண்திட்டு. அது ஓட நினைக்கும் வழியில் நீங்கள் நின்றால், கோபமே இல்லாமல்கூட உங்களை முட்டித் தள்ளிவிட்டுத்தான் ஓடும். மேலே காடும் கீழே நீங்களும் என்றால் பரவாயில்லை. காட்டுக்கும் அதற்கும் நடுவில் நீங்கள் என்றால் உடனே பக்கவாட்டில் விலகுங்கள்.

கரடி, சிறுத்தை இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கரடி நம்மைத் தேடி வருவதில்லை, திடீரென்று எதிர்ப்பட்டால் பாய்கிறது, பெரும்பாலும் முகத்தில். அந்திக்குப் பிறகும் விடியலுக்கு முன்னும் தோட்டப்பாதையில் தனியே நடக்க வேண்டாம். நடந்தே ஆக வேண்டுமென்றால் பேசிக்கொண்டே, கைத்தடியைத் தட்டிக்கொண்டே நடக்கவும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடவும். நீலகிரியில் விளக்கில் ஊற்றியிருக்கும் எண்ணெய்க்காகக் கோயிலுக்குள் கரடி புகுவது வாடிக்கை, எனவே இருட்டில் சிறு கோயில் வாசலில் போய் உட்காராதீர்கள். சிறுத்தை விஷயத்தில் கவலை குழந்தைகளைப் பற்றித்தான். வால்பாறை எஸ்டேட் குடியிருப்புகளில் அது குழந்தைகளைத் தூக்கிச் சென்ற துயரங்கள் நடந்திருக்கின்றன. விடுதியைச் சுற்றித் தேயிலையோ புதரோ இருந்தால், பொழுது சாய்ந்த பிறகு குழந்தை தனியாக வாசலில் விளையாடக் கூடாது. பெரியவர்கள் இருட்டில் ஓரமாகக் குந்தி ஒதுங்குவதும் வேண்டாம். குந்தும்போது மனிதன் சிறுத்தையின் இரை அளவுக்குச் சிறியதாகத் தெரிகிறான்.

இனிக் குரங்கு. பயணிகளின் தோலைக் கிழிப்பதில் யானை, சிறுத்தை எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதன் பக்கத்தில் வர முடியாது. ஆழியார் தாண்டியதும், குற்றாலத்தில், அழகர்கோயிலில், பழனியில், கொடைக்கானல் வெள்ளி அருவியில் என்று எங்கும் கும்பல் கும்பலாக இருப்பது நாட்டுக்குரங்கு. இவற்றுக்கு மனிதர்களைவிட பிளாஸ்டிக் உறை நன்றாகத் தெரியும். சிப்ஸ் பாக்கெட்டின் சரசரப்புக்கு இருபது மீட்டர் தள்ளி மரத்தில் இருக்கும் தலை திரும்பும். உறை கையில் இருந்தால் அது உணவு, பை தோளில் இருந்தால் அதற்குள் உணவு. எனவே சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாமல் ஜிப் வைத்த முதுகுப்பையில் வைக்கவும். வண்டியில் கண்ணாடி மூன்று விரல் அகலம் திறந்திருந்தாலே கை உள்ளே வந்துவிடும்.

குரங்கிடம் சிரிக்கக் கூடாது. பல்லைக் காட்டுவதையும் கண்ணை உற்றுப் பார்ப்பதையும் அது சண்டைக்கு அழைப்பாக எடுத்துக்கொள்ளலாம். அது புருவத்தைத் தூக்கி, வாயைத் திறந்து, தலையை முன்னால் வெட்டினால் அடுத்தது நகம். கண்ணைத் தாழ்த்தி, கையை விரித்து உள்ளங்கை காலி என்று காட்டிப் பக்கவாட்டில் நகரவும். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். கடி விழுவது பெரும்பாலும் இந்தக் கயிறிழுக்கும் போட்டியில்தான். மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு கூரையேறினால், துரத்தாமல் தள்ளி நின்றால் சற்று நேரத்தில் கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிடும், கீறலோடு.

பிஸ்கட் போடுவது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். வால்பாறைப் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் கயிற்றுப்பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். மேலே பாலம் இருக்க, வீசிய பிஸ்கட்டுக்காகக் கீழே தாரில் இறங்கும் குரங்குதான் வளைவில் வரும் காரில் அடிபடுகிறது.

இப்போது இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். குரங்கு கீறியது, விடுதி நாய் பல்லை வைத்தது, பூனை பிராண்டியது. ரத்தம் ஒரு துளி. "ஒண்ணுமில்லப்பா, ஊருக்குப் போயி பாத்துக்கலாம்" என்று மஞ்சள் தடவிவிட்டு அருவிக்குப் போவார்கள். யானையிடம் காட்டிய எச்சரிக்கையில் பத்தில் ஒரு பங்கு இங்கே காட்டுவதில்லை. வெறிநோய்க்கு (ரேபிஸ்) அறிகுறி தொடங்கிய பிறகு மருந்து இல்லை, ஏறக்குறைய நூற்றுக்கு நூறு மரணம். அறிகுறி தொடங்கும் முன்போ முழுமையாகத் தடுக்கலாம்.

முதல் வேலை குழாய். ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கடிகாரம் வைத்து 15 நிமிடம் கழுவ வேண்டும். வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பு அதைக் கரைக்கும் என்பதால் துணி சோப்பானாலும் சரி. 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட மிக நீளம். இரண்டாவது நிமிடமே போதுமென்று தோன்றும். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரால் இது முடியாது, டீக்கடைக் குழாயைத் தேடிப் போகவும். பிறகு பீட்டாடின் போன்ற அயோடின் மருந்து. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. கட்டுப்போடக் கூடாது. தையலும் கூடாது, தவிர்க்கவே முடியாவிட்டால் காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைச் செலுத்திய பிறகுதான்.

மருத்துவமனையில் காயத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். தொட்டது, முழுத்தோலை நக்கியது என்றால் ஒன்றாம் வகை, ஊசி வேண்டாம். ரத்தம் வராத கீறல், லேசான கவ்வல் இரண்டாம் வகை, தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்தால், காயத்தையோ வாய், கண்ணையோ நக்கினால், வௌவால் பட்டால் மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவை. உடல் தன் எதிர்ப்பொருளைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்திலேயே வைரஸை மடக்கி வைப்பது இந்த மருந்து. கிலோவுக்கு 40 யூனிட் என்ற கணக்கில் குதிரைச் சீரத்திலிருந்து எடுத்தது, அல்லது கிலோவுக்கு 20 யூனிட் மனிதச் சீரத்திலிருந்து எடுத்தது. 60 கிலோ ஆளுக்கு முறையே 2,400, 1,200 யூனிட். காயத்துக்குள்ளும் சுற்றிலும்தான் ஏற்றுவார்கள், வலிக்கும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இருக்காது. தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொண்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டு அன்றே கிளம்பவும். முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாள் கடந்துவிட்டால் இந்த மருந்தைப் போட்டுப் பயனில்லை.

அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இரு தோள்களிலும். சதையில் போடும் முறையானால் 0, 3, 7, 14, 28. பயணிகள் தவறுவது இந்தப் பூஜ்யத்தில்தான். கடிபட்ட நாள் பூஜ்யம் அல்ல, முதல் ஊசி போட்ட நாள்தான். சனிக்கிழமை முதல் ஊசி என்றால் அடுத்தது செவ்வாய், பிறகு சனி, கடைசியும் ஒரு சனிக்கிழமை. சீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மிச்சத்தை ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம், முதலில் எந்த முறையோ அதிலேயே தொடரவும். முன்பே முழுமையாகப் போட்டுக்கொண்டவர் என்றால் 0, 3 என இரண்டே நாள், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்க்கலாம் என்பது வீட்டு நாய்க்குச் சரி, அதுவும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான். மூணாறில் கடித்த நாயை மதுரையிலிருந்து யார் கவனிப்பது? குட்டி நாய்க்கும் இதே விதி. குழந்தைகள் தூக்கிக் கொஞ்சுவது அதைத்தான்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்கிற பயத்தில் இன்னும் சிலர் ஒளிகிறார்கள். அது ஆட்டு மூளைத் திசுவில் செய்த பழைய மருந்து, இந்தியாவில் நிறுத்தி இருபது ஆண்டாகிறது. குன்னூரில் சிம்ஸ் பூங்கா பக்கம் போகிறவர்கள் பாஸ்டர் நிறுவனத்தின் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். 1907இல் அது வரும்வரை, தெற்கே நாய் கடித்தவர் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்கு ரயிலேற வேண்டியிருந்தது. இன்று வால்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகச் சோம்பல்படுகிறோம்.

பாம்பைப் பொறுத்தவரை, சமவெளியில் ஆபத்து நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்குமானது. 1978இல் தொடங்கிய, வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷமே பெரும்பாலும் அதற்கு மூலப்பொருள். மலைக்காட்டுக் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது, இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். கூடாரத்தில் தரையில் படுப்பவர்களுக்குக் கட்டுவிரியனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இரவில் வரும், கடி வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். விடியலில் காரணமில்லாத வயிற்றுவலி, பிறகு இமை தானாகச் சரிவது, விழுங்க முடியாமை. "நைட்டு சாப்ட்டது ஒத்துக்கல" என்று சோடா கொடுத்துப் படுக்கவைத்தால் மூச்சு நின்றுவிடும். கட்டிலும், ஓரம் மெத்தைக்கடியில் செருகிய கொசுவலையும் பாதி ஆபத்தைத் தடுக்கும். காலையில் ஷூவைத் தலைகீழாகத் தட்டிப் போடவும்.

கடித்தால் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றவும், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். எலும்பு முறிந்ததற்குக் கட்டுவதுபோல் காலையோ கையையோ கட்டையோடு சேர்த்து அசையாமல் வைக்கவும், ரத்த ஓட்டம் நிற்கும்படி இறுக்கக் கூடாது. கீறுவது, உறிஞ்சுவது, பாம்பைப் பிடித்துக்கொண்டு வருவது எதுவும் வேண்டாம். நடக்க வைக்காதீர்கள். 108 வரத் தாமதமானால் பைக்கில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்துப் போகலாம். கடித்த நேரத்தைக் குறித்து, வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போடவும். மருத்துவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார். உறையாவிட்டால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் போன்றவற்றின் விஷம் வேலை செய்கிறது என்று பொருள்.

மலைத்தேனீயும் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. பாலத்தின் அடி, அணைச்சுவர், பாறை முகடு, கோபுரம் ஆகியவற்றில் முறம் அகலத்துக்கு ஒற்றைக் கூடாகத் தொங்கும். புகை, கல்லெறி, ட்ரோன் சத்தம், சிலசமயம் கழுகு மோதுவதுகூடப் போதும். ஒரு தேனீ கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாடை போல ஒன்று எழும், மற்றவற்றுக்கு அதுதான் சைரன். அதனால் அடித்து நசுக்காமல், துப்பட்டாவாலோ சட்டையாலோ முகத்தை மூடி நேராக ஓடி, காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ புகுந்து கதவை அடைக்கவும். தண்ணீரில் குதித்தால் மேலே காத்திருக்கும். கொடுக்கை உடனே எடுக்க வேண்டும், நகத்தாலா அட்டையாலா என்று யோசிக்கும் நொடியிலும் அது விஷத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். உதடு வீங்குவது, குரல் கம்முவது, தலைசுற்றல் என்றால் தேனீ ஒன்றா நூறா என்று எண்ண வேண்டாம், நேரே மருத்துவமனை.

கடைசியாக, மழைக்காலத்தில் சோலைக்குள் நடப்பவர்கள் அதிகம் அலறுவது எதற்கென்றால் அட்டைக்கு. இந்தப் பட்டியலிலேயே மிகவும் நிரபராதி அதுதான். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுத் துணி சாக்ஸைப் பேன்ட்டின் மேல் இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் ஏறாது. கடித்திருந்தால் தீக்குச்சியோ உப்போ வைக்காதீர்கள், உறிஞ்சியதைக் காயத்துக்குள்ளேயே கக்கும். மெல்லிய முனையின் பக்கம் நகத்தைத் தோலோடு ஒட்டி வழித்தால் பிடி விட்டுவிடும், பிறகு தடித்த முனை. ரத்தம் உறையவிடாத பொருளை அது செலுத்தியிருப்பதால் சில மணி நேரம்கூடக் கசியும், பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்கவும். அரிக்கும், சொறியாதீர்கள். அட்டையைத் தேடும்போதே உண்ணி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி, அக்குளையும் ஒருமுறை பாருங்கள். உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எந்தக் காட்டில் எந்தத் தேதியில் நடந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.